பத்தில் ஒன்று: சின்னவள் மாடியேறிய ஞாயிறு

போன வாரம் சின்னவளை மாடிப்படியின் அடியில், கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். ஒரு வாரமாகவா நிற்கிறாள் பாவம் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவளுக்கு அது அரை நிமிஷம்தான். ஏறலாமா, வேண்டாமா என்று யோசிக்கிற அரை நிமிஷம்.

அந்த வீட்டில் மூன்று தளம். மேல்தளம் மூத்தவருடையது. வீட்டுக்குள்ளும் வெளியிலும் எல்லாருக்கும் அவர் 'ஆடிட்டர்'தான். நடுத்தளத்தில் அவருடைய தங்கை, கணக்கு டீச்சர். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். தரைத்தளத்து இரண்டு அறைகளில் கடைசித் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். அவன் மனைவிதான் நம் சின்னவள். அவர்களுக்கு ஒரு மகள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடித்து அடுக்குகிற வேலை.

செத்துப்போன மாமனார் ஒரு சட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் எல்லாரும் நடுத்தளத்து மேசையில் கூட வேண்டும். அவரவர் வருமானத்தில் பத்தில் ஒன்றைப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். எவ்வளவு என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது. "பத்துல ஒண்ணு போட்டேன், பேசலாமா?" என்று வாயால் சொன்னால் போதும். வீட்டுக்கு மூத்தவர் "பேசு" என்பார். அப்புறம்தான் வீட்டு விஷயத்தில் போட்டவருக்கு ஒரு குரல்.

மூன்று பிள்ளைகள், மூன்று குரல். அன்றைக்கு மேசையில் இருக்கிற குரல்கள் எல்லாம் ஒத்துப்போனால்தான் அந்த வீட்டில் ஒரு செங்கல் அசையும். மருமகள்கள் சம்பாதித்தால் அது புருஷன் கணக்கில் சேரும். அவர்களுக்கு மேசையில் நாற்காலி உண்டு, குரல் கிடையாது.

டப்பாப் பணத்தில்தான் கூரை, குழாய், மோட்டார், வீட்டு வரி எல்லாம் நடந்தது. சட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அப்பா இருந்த காலத்தில் ஒரு தடவை கம்பெனி மூடி, தம்பி வேலையில்லாமல் இருந்தான். டப்பா ஞாயிறன்று வெறுங்கையை டப்பாவுக்குள் விட்டு எடுத்து, "பத்துல ஒண்ணு போட்டேன்" என்றான். ஒன்றுமில்லாததில் பத்தில் ஒன்று ஒன்றுமில்லைதானே? அப்பா சிரிக்கவே இல்லை. "பேசு" என்றார். அன்றையிலிருந்து தம்பிக்கு அந்த டப்பா என்றால் சாமி மாதிரி.

சின்னவளுக்கு அப்படி இல்லை. பத்தில் ஒன்று என்றால் மாதத்தில் மூன்று நாள். மேல்தளத்தில் அந்த மூன்று நாள் எது என்றே யாருக்கும் தெரியாது. கீழே நன்றாகத் தெரியும். கடைசி மூன்று நாள். ரொட்டியும் டீயுமாக ஓட்டுகிற நாள்.

இந்த நேரம் பார்த்து நாட்டிலும் அதே பேச்சு. இனிமேல் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் வருமான வரி என்று அரசாங்கம் ஒரு யோசனையை மிதக்க விட்டிருந்தது. கூடச் சம்பாதித்தால் கூட விகிதம் என்ற படிக்கட்டு வரி போய்விடுமாம். டிவியில் அதைப் பற்றிப் பேச நம் ஆடிட்டரைக் கூப்பிட்டார்கள். அவர் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "எங்க வீட்டையே எடுத்துக்குங்க. நானும் பத்தில் ஒன்று தர்றேன், லிஃப்ட் ரிப்பேர் பண்ற என் தம்பியும் பத்தில் ஒன்று தர்றான். இத்தனை வருஷத்துல ஒரு சண்டை வந்ததில்லை" என்றார்.

சலவைக்கூடத்து டிவியில் சின்னவள் அதைப் பார்த்தாள். கையில் ஒரு ஈர விரிப்பு. இஸ்திரி மிஷினில் நிற்கிற அக்கா திரும்பிப் பார்த்து, "உன் புருஷனையா சொல்றாரு? விகிதம் ஒண்ணுதான், வலியும் ஒண்ணா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள்.

அதனால்தான் இந்த ஞாயிறு காலையில் மாடிப்படி. ஏறினாள்.

நடுத்தளத்துத் திருப்பத்தில் ஒரு ஜன்னல். அதன் வழியே பக்கத்துச் சந்து தெரியும். சந்தில் ஒரு ஆள் அளவு டேப்பை விரித்து, சுவரின் மூலையில் ஒரு நுனியை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தான். அவர்கள் வீட்டுச் சுவர்.

"யாருங்க? என்ன அளக்கறீங்க?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஒண்ணுமில்லம்மா. அளவு பாக்கச் சொன்னாங்க. பாத்துட்டுப் போறேன்" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். யார் சொன்னார்கள் என்று அவன் சொல்லவில்லை. கேட்க அவளுக்குத் தோன்றவும் இல்லை. தன் பேச்சை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே மேலே போனாள்.

ஆடிட்டர் பால்கனியில் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாம்மா, வா! படியேறி வந்திருக்கியே, இன்னிக்கு மழைதான். டீ சாப்பிடறியா?"

"வேணாம் அத்தான். நான் வந்தது அவருக்குத் தெரியாது."

"அப்போ ரகசியம். உக்காரு."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஒத்திகை எல்லாம் பறந்துவிட்டது. இருந்தாலும் கேட்டுவிட்டாள். சம்பாத்தியம் ஏற ஏற விகிதம் ஏறுகிற மாதிரிதானே நாட்டில் இத்தனை நாள் வரி வாங்குகிறார்கள்? நம் டப்பாவுக்கும் அப்படி ஒரு படிக்கட்டு வைக்கக்கூடாதா? கீழ்த்தளத்துக்கு இருபதில் ஒன்று. மேல்தளத்துக்கு...

"மேல்தளத்துக்கு எட்டுல ஒண்ணு. சொல்லு, சொல்லு, கோவிச்சுக்க மாட்டேன்."

"எனக்குக் கணக்கெல்லாம் தெரியாது அத்தான்."

"நல்லாவே தெரியுது." அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. படிக்கட்டு வரியில எனக்குப் பயம் பணம் போகுதேன்னு இல்ல. கூடக் கொடுக்கறவன் என்ன நினைப்பான்? நான்தானே கொடுக்கறேன், நான் சொல்றபடி நடக்கட்டும்னு நினைப்பான். குறைச்சுக் கொடுக்கறவன் தலையைக் குனிவான். எல்லாருக்கும் ஒரே விகிதம்னா எவனும் எவனுக்கும் கைகட்டி நிக்க வேணாம். எங்கப்பா அதை யோசிச்சுதான் வெச்சார்."

அவர் நடிக்கவில்லை. நம்பித்தான் சொன்னார். அதுதான் அவரிடம் உள்ள தொல்லை. மற்றவனை மடக்குகிறபோதும் மனசாரப் பேசுவார்.

"எங்க தலை நிமிர்ந்துதான் இருக்கு அத்தான். வயிறுதான் கேக்க மாட்டேங்குது" என்றாள் சின்னவள். அவர் முகத்தில் அசைவில்லை. இன்னும் அழுத்திச் சொன்னால்தான் இறங்குவார் என்று பட்டது. "அந்தப் பத்துல ஒண்ணை ரொப்பறதுக்காகவே அவர் ஞாயித்துக்கிழமையும் வெளி வேலைக்குப் போறார். ரெண்டு பேர் சேர்ந்து பாக்க வேண்டிய வேலையத் தனியாப் பாக்கறார். ஷூ அடி பிளந்திருக்கு. அதை மாத்தக்கூட முடியல."

ஆடிட்டர் செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமையா? எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"விடாமலா?"

"டப்பா நாள்லகூட. இப்பவும் அங்கதான் இருக்கார்."

"ரெண்டு வருஷமா" என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு தலையை ஆட்டினார். "பாவம்டா தம்பி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. சரிம்மா. இருபதுல ஒண்ணு. இன்னிக்கே மேசையில சொல்லிடறேன். போதுமா?"

ஒரு வருஷமாக அவள் பயந்த விஷயம், பாலிஷ் காய்வதற்குள் முடிந்துவிட்டது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை அவளும் கேட்டவள்தான். சந்தோஷத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

வாசலில் பெரியவள், அதாவது ஆடிட்டரின் மனைவி, செருப்புகளை ஒழுங்காக அடுக்குகிற சாக்கில் நின்றிருந்தாள். அந்த வீட்டில் அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு.

"அக்கா, அத்தான் சரின்னுட்டார்" என்றாள் சின்னவள்.

பெரியவள் நிமிரவில்லை. "கேட்டது தப்பில்லடி" என்றாள், தரையைப் பார்த்தே. "சொன்னதுதான் தப்பு."

"என்னக்கா சொன்னேன்?"

உள்ளே ஆடிட்டர் யாருக்கோ போன் பண்ணுகிற சத்தம் கேட்டது. பெரியவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நடுத்தளத்தில் டீச்சர் முட்டிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சின்னவள் வந்து விஷயத்தைச் சொன்னதும் சிவப்புப் பேனாவை மூடினாள். அவளையே பார்த்தாள்.

"இருபதுல ஒண்ணுன்னு அண்ணன் உடனே ஒத்துக்கிட்டாரா?"

"ஆமா அண்ணி. நீங்க ஏன் இப்படிப் பாக்கறீங்க?"

"இன்னிக்கு மேசையில என்ன பேச்சு வருதுன்னு உனக்குத் தெரியாதா? தெரிஞ்சிருக்காது. உங்ககிட்ட யாரும் சொல்லல." டீச்சர் வெந்நீர்ப் பையை எடுத்துக் கீழே வைத்தாள். "வீட்டை இடிக்கப் போறாங்க. அண்ணன் ஒரு பில்டரைப் பிடிச்சிருக்கார். ஏழு மாடி. ரெண்டு வருஷம் நாம எல்லாரும் வெளியே வாடகைக்கு இருக்கணும். முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு வீடு."

சந்தில் பார்த்த டேப் ஆள் சின்னவள் கண்முன் வந்து நின்றான். "ரெண்டு வருஷம் வாடகை யார் கொடுக்கறது?"

"அவங்கவங்க."

"நாங்க எங்க போவோம் அண்ணி? இந்த ரெண்டு ரூமுக்கு வாடகை இல்லாததாலதானே உயிரோட இருக்கோம்?"

டீச்சர் திருத்திய தாள்களைத் தட்டி அடுக்கினாள். "நான் சரின்னுட்டேன்" என்றாள். "லிஃப்ட் வைப்பாங்களாம். இந்த முட்டியோட எனக்குப் படி ஏற முடியல. தம்பி எப்படியும் மாட்டேன்னு சொல்லிடுவான், நடக்கப் போறதில்லன்னு நினைச்சுதான் தலையாட்டினேன். அவன் ஒருத்தன் குரல்தான் பாக்கி. இப்போ அதுவும்…"

"இப்போ அதுக்கு என்ன?"

"பைத்தியமே, இருபதுல ஒண்ணு போட்டவன் 'பத்துல ஒண்ணு போட்டேன்'னு எப்படிச் சொல்வான்? சொல்லாதவனுக்கு ஏது குரல்?"

சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கோபமும் வந்தது. "நாட்டுல அப்படியா அண்ணி? படிக்கட்டு வரியில கீழ்ப்படியில நிக்கறவனுக்கு ஓட்டு இல்லையா? ஒத்தைக் காசு வரி கட்டாதவன்கூட விரல்ல மை வெச்சுக்கிட்டு வர்றானே!"

"நாட்டுல வரியை ஒரு பக்கமும் ஓட்டை ஒரு பக்கமும் வெச்சாங்க. அப்பா ரெண்டையும் ஒரே டப்பாவுல போட்டுட்டார்" என்றாள் டீச்சர். "போ. தம்பியப் பாரு. சலுகை வேணாம்னு சொல்லி முழுசாப் போடச் சொல்லு. சாயங்காலத்துக்குள்ள போ."

அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அன்றைக்கு அவன் வேலை எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில், பஸ்ஸில் போனால் நான்கு நிறுத்தம். அவள் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தாள், பாதி ஓட்டம். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

கட்டடத்தின் கீழே லிஃப்ட் முன்னால் 'பழுது' என்று எழுதிய அட்டை. கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. கிணறு என்றால் கீழே பார்த்துப் பயப்படுவோம்; இது தலைக்கு மேலே போகிற கிணறு. எங்கோ உயரத்தில் ஒரு டார்ச் வெளிச்சம் அசைந்தது.

"ஏங்க!"

இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம் நின்றது. "யாரு?"

"நான்தான்."

"கதவுல கை வைக்காத!" அவன் குரல் சுவரில் இடித்து இடித்துக் கீழே வந்தது. "தள்ளி நில்லு. இன்னும் தள்ளி. நான் சொல்ற வரைக்கும் அங்கயே இரு."

மேலே மோட்டார் அறையில் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு ஆள் நிற்க வேண்டும். அதுதான் முறை. அந்த இன்னொரு ஆளுக்குக் கூலி கொடுத்தால் இவன் கையில் மிஞ்சுவது பஸ் காசு. அதனால் சுவிட்சை அணைத்து, அதன் மேல் தன் சட்டையைக் கட்டிவிட்டு இறங்கியிருப்பான். யாராவது வந்து சட்டையை அவிழ்த்துவிட்டு சுவிட்சைப் போட்டால் என்று அவள் ஒவ்வொரு ஞாயிறும் நினைத்துக்கொள்வாள். இன்றைக்கு, யாராவது மேலே ஏறுகிறார்களா என்று படியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

படி வழியாக இறங்கி வந்தான். கையெல்லாம் கிரீஸ். வலது ஷூவின் அடி நடக்கும்போது வாயைத் திறந்து மூடியது.

"பாப்பாவுக்கு ஏதாவதா?"

"அவ பக்கத்து வீட்ல விளையாடறா. நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். திட்டாம கேளுங்க."

சொன்னாள். மாடியேறினதை, இருபதில் ஒன்றை, டேப் ஆளை, பில்டரை, டீச்சர் சொன்னதை. அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

"நான் உன்னைக் கேக்கச் சொன்னேனா?"

"இல்ல."

"நமக்குக் கஷ்டம்தான். இல்லேன்னு சொல்லல. அண்ணன் பத்துல ஒண்ணு போடறதும் நான் போடறதும் ஒண்ணில்லதான். எனக்குத் தெரியாதா? அவருக்கு அது உதிர்ற முடி. நமக்கு விரல்." கந்தையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான், கை சுத்தமாகவில்லை. "ஆனா அந்த மேசையில நான் அவருக்குச் சமமா உக்கார்றேன். வேற எந்த இடத்துல உக்கார்றேன் சொல்லு? அவர் ஆபீஸ்லயா? எங்கப்பா எனக்கு விட்டுட்டுப் போனது ஒரே சொத்து. அந்த 'பேசு'."

"இப்பவும் ஒண்ணும் ஆகலீங்க. முழுசாப் போட்டுடலாம். சலுகை வேணாம்னு சொல்லிடலாம்."

"அதைத்தான் செய்யப் போறேன். வா."

நடக்கும்போது அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றி ஆடிட்டரிடம் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. கஷ்டத்தைச் சொல்லும்போது வாயில் வந்த ஒரு பேச்சு, அவ்வளவுதான். அது ஒரு விஷயமாகவே அவளுக்குப் படவில்லை.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நடுத்தளத்தில் விளக்கைப் போட்டார்கள். மேசை நடுவே டப்பா. ஆடிட்டர் கவரைப் போட்டு மூடினார்.

"பத்துல ஒண்ணு போட்டேன். பேசறேன்" என்றார். அப்பா போன பிறகு அவருக்கு "பேசு" என்று சொல்ல ஆள் கிடையாது. தானே எடுத்துக்கொள்வார்.

டீச்சர் போட்டாள். "பத்துல ஒண்ணு போட்டேன், பேசலாமா?"

"பேசு."

தம்பி எழுந்தான். அவன் கையிலிருந்த கவர் தடிமனாக இருந்தது. "அண்ணா, இவ காலையில உன்கிட்ட ஏதோ கேட்டாளாம். அது வேணாம். எப்பவும் போலவே இருக்கட்டும்." கவர் டப்பாவுக்குள் விழுந்தது. "பத்துல ஒண்ணு போட்டேன், பேசலாமா?"

மழைச் சத்தம். சின்னவள் அந்த ஒரு சொல்லுக்காக ஆடிட்டரின் வாயைப் பார்த்தாள்.

ஆடிட்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எதுல பத்துல ஒண்ணு?"

இந்தக் கேள்வியை அந்த மேசை கேட்டதே இல்லை. தம்பிக்கு முதலில் புரியவில்லை. "எதுலன்னா? என் சம்பளத்துல. அவ சம்பளத்துல."

"ஞாயித்துக்கிழமை?"

பெரியவள் காலையில் தரையைப் பார்த்துச் சொன்னதன் அர்த்தம் சின்னவளுக்கு இப்போது விளங்கியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவள் தன் வாயால் புருஷனைக் கெடுத்திருந்தாள்.

"அந்த வேலைக்குப் போறதே இந்த டப்பாவை ரொப்பத்தான் அண்ணா."

"எதுக்காகப் போறேன்னு நான் கேக்கல. வேலை செஞ்சே, காசு வந்துது. அதுக்குப் பேர் வருமானம். அதுல பத்துல ஒண்ணு போட்டியா?" குரலில் துளிக் கோபம் இல்லை. "போட்டேன்னு வாயால சொல்லு. அப்பா சட்டப்படி அது போதும். நான் எண்ணிப் பாக்க மாட்டேன். உடனே 'பேசு'ன்னுடறேன்."

ஒரே ஒரு சொல். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. சொல்லுங்க, சொல்லித் தொலைங்க என்று சின்னவள் மனசுக்குள் கத்தினாள். இரண்டு அறை, மகள் படுக்கிற மூலை, எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தன.

தம்பி டப்பாவைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"போடல" என்றான்.

ஆடிட்டர் பெருமூச்சு விட்டார். "ரெண்டு வருஷமாப் போடல. நான் திட்டலடா. உன் கஷ்டம் எனக்குத் தெரியுது. இருபதுல ஒண்ணு சலுகை அப்படியே இருக்கு, அதை நான் வாபஸ் வாங்கல. ஆனா இன்னிக்கு நீ உக்காரலாம், கேக்கலாம். பேச முடியாது."

தம்பி உட்கார்ந்தான். லிஃப்ட் கிணற்றுக்குள் கயிறில்லாமல் இறங்குகிறவன், நாற்காலியில் உட்காரும்போது மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"மிச்சம் ரெண்டு குரல்" என்றார் ஆடிட்டர். பைக்குள்ளிருந்து வீட்டின் புது வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்து, நாலு மூலையிலும் டீ டம்ளர்களை வைத்தார். ஏழு மாடியும் பளபளவென்று நின்றன. "நான் சரிங்கறேன். தங்கச்சி, நீ?"

டீச்சர் வரைபடத்தைப் பார்க்கவில்லை. முட்டியைத் தடவிக்கொண்டாள்.

"அண்ணா, யாரும் யாரையும் கேக்கக்கூடாதுன்னு அப்பா சொன்னதை இன்னிக்கு நீ கேட்டுட்ட."

"கேக்க வேண்டி வந்துது."

"அப்போ நானும் கேக்கலாம். போன வருஷம் மனையை வித்தியே. அந்த லாபத்துல பத்துல ஒண்ணு போட்டியா?"

ஆடிட்டர் சிரித்தார். "டீச்சரம்மா, மனை வித்த லாபமும் வருமானமும் ஒண்ணா? அது தனிக் கணக்கு. சட்டத்துலயே தனி."

"எந்தச் சட்டத்துல? நாட்டுச் சட்டத்துலயா, இந்த டப்பாச் சட்டத்துலயா?"

அவர் வாயைத் திறந்தார். டிவியில் எந்தக் கேள்விக்கும் தயங்காத வாய். அதற்குள் இன்னொரு குரல் குறுக்கே வந்தது. யாருடையது என்று எல்லாரும் ஒரு கணம் தேடினார்கள்.

"போடாதது மனைக் காசு மட்டும்னு சொல்லிடாதீங்க" என்றாள் பெரியவள். புருஷனைப் பார்த்துத்தான் சொன்னாள். அவள் கை மேசைத்துணியைக் கசக்கிக்கொண்டிருந்தது. "சின்னவன் பொய் சொல்லாம உக்காந்திருக்கான். அவன் முன்னாடி நீங்க பொய் சொல்ல வேணாம்."

ஆடிட்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. மழை ஜன்னல் வழியே உள்ளே அடித்து வரைபடத்தின் ஓரம் நனைந்தது. யாரும் எழுந்து சாத்தவில்லை.

சின்னவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பயம்தான் வந்தது. மேல்தளம் இடிந்தால் கீழ்த்தளம் மட்டும் நிற்குமா?

மேசையைச் சுற்றி எல்லாரும் ஆடிட்டரின் பதிலுக்காகக் காத்திருந்தார்கள், ஒருவனைத் தவிர. அவள் புருஷன் மெல்ல அவள் பக்கம் திரும்பினான். நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வேலை உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்?" என்று அவள் காதில் மட்டும் விழும்படி கேட்டான். "அண்ணனுக்கு யார் சொன்னது?"